உப்பு தனியாகப் போகாது

மஸ்கட், தோஹா, ஷார்ஜா, டொராண்டோ என்று திரையில் பல ஊர்களின் பெயர்கள் தெரிகின்றன. இலக்கியக் கூட்டத்தில் ஒருவன் வாந்திபேதியைப் பற்றிப் பேச வருகிறான் என்று தெரிந்தும் இணைந்திருக்கிறீர்களே, அதற்கு முதலில் நன்றி.

போன மாதம் நாவல்களில் வரும் மருத்துவர்களைப் பற்றிப் பேசினோம். மார்க்கேஸின் 'காலரா காலத்தில் காதல்' பற்றிய உரையாடலில் ஒரு வாசகி கேட்டார்: "அப்போதெல்லாம் காலரா வந்தால் ஊரே காலியானது என்கிறார்கள். இப்போது அப்படி இல்லையே, என்ன நடந்தது?" சுத்தமான குடிநீர், தடுப்பூசி, ஆன்டிபயாடிக் என்று பதில்கள் வந்தன. நோய் பரவாமல் இருக்க அவை உதவும். ஆனால் நோய் வந்து படுத்துவிட்ட ஒருவரைச் சாவிலிருந்து இழுத்து வருவது பெரும்பாலும் ஒரு சிறு பொட்டலம். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் குளுக்கோஸ். அந்தப் பொட்டலம் எப்படி வந்தது என்பதுதான் இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது.

நான் குவைத்தில் அப்பாசியாவில் இருக்கிறேன். அரசாங்கக் காகிதத்தில் எங்கள் பகுதிக்கு ஜலீப் அல் ஷுயூக் என்று பெயர். நம்மவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. விமான நிலையத்துக்குப் பக்கம், தமிழும் மலையாளமும் தெலுங்கும் வங்காளமும் ஒரே தெருவில் கேட்கும் இடம். இங்கே ஒரு மருந்துக்கடையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். ஜூன் பிறந்தால் எங்கள் கடையில் அதிகம் போவது ஓ.ஆர்.எஸ். பொட்டலம். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 டிகிரி பதிவானதை உலக வானிலை அமைப்பே உறுதி செய்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 11 மணிக்கு முன்பே சட்டையில் உப்புப் பூத்துவிடும் என்பது சைட்டில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

அப்படி வருகிற தம்பிகளில் பாதிப்பேர் கேட்பது பொட்டலத்தை இல்லை. "அண்ணே, எங்கயாவது ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்த முடியுமாண்ணே?" என்பார்கள். வாயால் குடிப்பது தண்ணீர், ஊசியால் ஏறுவது மருந்து என்று நம் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இந்த நம்பிக்கை நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உரியதில்லை. உலகத்தின் பெரிய மருத்துவர்களும் நூறு வருடத்துக்கு மேல் அப்படித்தான் நினைத்தார்கள். அதற்கு அவர்களிடம் காரணமும் இருந்தது.

அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு செல்லின் வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கும் சுவர். உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரைபவை, எண்ணெயில் கரையாதவை. ஆகவே அந்தச் சுவரைத் தாமாகத் தாண்ட அவற்றால் முடியாது. அவற்றுக்கென்று புரதத்தால் ஆன வாசல்கள் வேண்டும். தண்ணீரின் சுபாவம் வேறு. உப்போ சர்க்கரையோ எந்தப் பக்கம் அதிகமாகக் கரைந்திருக்கிறதோ அந்தப் பக்கம் அது போகும். பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதுதான். வீட்டில் மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும். யாரும் ஊற்றிய தண்ணீர் இல்லை அது, மாங்காயின் செல்களிலிருந்து உப்பு வெளியே இழுத்தது.

நம் சிறுகுடலுக்குள் ஒரு நாளில் 8, 9 லிட்டர் நீர் வருகிறது. நாம் குடிப்பது 2 லிட்டர் என்றால், மிச்சம் எச்சில், இரைப்பை நீர், பித்தநீர் என்று உடம்பே சுரப்பது. இவ்வளவும் குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் வழியாகத் திரும்ப இரத்தத்துக்குப் போய்விடுகிறது. மலத்தோடு போவது ஒரு டம்ளருக்கும் குறைவு. தண்ணீரை உள்ளே இழுக்கக் குடல் தனியாக ஒரு பம்ப் வைத்திருக்கவில்லை. அது சோடியத்தை உள்ளே எடுக்கிறது, தண்ணீர் பின்னால் வருகிறது. காலரா இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. அதன் நச்சு, குடல் செல்லில் உள்ள குளோரைடு வாசலைத் திறந்தபடி மாட்டிவிடுகிறது. குளோரைடு வெளியே கொட்டுகிறது, சோடியம் கூடவே போகிறது, தண்ணீரும் போகிறது. சாதாரணமாக உப்பை உள்ளே எடுக்கும் வாசலும் மூடிக்கொள்கிறது. மோசமான நிலையில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்வரை இழக்கலாம். அரிசி களைந்த தண்ணீர் போலப் போகும் என்று பழைய மருத்துவர்கள் எல்லாரும் எழுதினார்கள். காலையில் வயலுக்குப் போனவர் இரவுக்குள் இறந்தார் என்று நம் கிராமங்களில் சொல்வது மிகையில்லை.

இந்த நிலையில் வெறும் தண்ணீரோ உப்புத்தண்ணீரோ கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே போனது. "தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்" என்று நம் பாட்டிகள் சொன்னது கண்ணால் பார்த்ததிலிருந்துதான். நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டவர்களுக்கு அதைக் கொடுக்காமல் சாகவிட்ட வீடுகள் இங்கும் இருந்தன, ஐரோப்பாவிலும் இருந்தன. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது.

1831 இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் ஓஷானெஸி என்ற இளம் ஐரிஷ் மருத்துவர் காலரா நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். தண்ணீரும் உப்பும் போய்விட்டன, அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதினார். அடுத்த வருடமே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்பவர் உப்புக்கரைசலை நேராக நரம்பில் ஏற்றினார். சாகக் கிடந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். லாட்டா 1833-ல் இறந்துபோனார், அந்த வழியும் ஏறக்குறைய மறக்கப்பட்டது. ஓஷானெஸி பிறகு கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்த மனிதராகப் பெயர் பெற்றார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே கல்கத்தாவில் லியனார்ட் ரோஜர்ஸ் நரம்புவழி உப்புக்கரைசலைத் திரும்பக் கொண்டுவந்து, சாவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்.

கல்கத்தாவின் பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். ராபர்ட் கோக் 1884-ல் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்ததும் அங்கேதான். த.நா. குமாரசாமி மொழிபெயர்த்த தாராசங்கரின் 'ஆரோக்கிய நிகேதனம்' உங்களில் பலருக்குப் பிடித்த நாவல். நாடியில் மரணத்தைப் படிக்கும் பழைய வைத்தியரும் ஊசியோடு வரும் புதிய டாக்டரும் எதிரெதிரே நிற்கும் வங்காளம் அது. நான் சொல்லப்போகும் ஆட்கள் அதே வங்காளத்தில், ஏறக்குறைய அதே காலத்தில் வேலை பார்த்தவர்கள்.

1953-ல் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற கல்கத்தா மருத்துவர் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு லிட்டர் தண்ணீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோஸும் கரைத்து, மிதமான காலரா கண்ட 186 பேருக்கு வாய்வழியாகக் கொடுத்தார். வாந்தியை நிறுத்த ஒரு மாத்திரை. பேதிக்கு ஓர் இலைச்சாற்றையும் அவர் பயன்படுத்தினார். அது வேறொன்றும் இல்லை, நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவள்ளி. நோயாளிகள் பிழைத்தார்கள், உலகம் கண்டுகொள்ளவில்லை. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று அவர் அளந்து காட்டவில்லை, ஒப்பிட ஒரு குழுவும் வைக்கவில்லை என்பது மற்றவர்கள் சொன்ன குறை. குறை நியாயமானதுதான். ஆனால் அப்படியானால் வேறு யாராவது அளந்து பார்த்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் ஏன் குளுக்கோஸைச் சேர்த்தார்? சத்துக்காகச் சேர்த்திருக்கலாம். அது எந்த வாசலைத் திறந்தது என்பது 1953-ல் யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில் பெரிய தடையாக நின்றது ஒரு நம்பிக்கை. காலரா குடலின் உட்சுவரையே உரித்துவிடுகிறது என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நம்பினார்கள். சுவரே இல்லையென்றால் வாயால் கொடுத்து என்ன பயன்? 1959-ல் சம்புநாத் டே, மறுபடி கல்கத்தாதான், கிருமியே இல்லாமல் அது வளர்ந்த திரவத்தை மட்டும் முயலின் குடலில் செலுத்தி, நீர் கொட்ட வைப்பது கிருமி விடும் நச்சுதான் என்று காட்டினார். அதே சமயம் பாங்காக்கில் யூஜின் கங்கரோசா குழுவினர், உயிரோடிருக்கும் நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சுவர் அப்படியே இருந்தது. உரிந்து போனதாகத் தெரிந்ததெல்லாம் பிணங்களில் பார்த்தது, இறந்தபிறகு ஏற்பட்டது.

1960 ஆகஸ்டில் பிராக் நகரில் செல்சவ்வுகளைப் பற்றி ஒரு கருத்தரங்கு. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஒரு படத்தை முன்வைத்தார். குடல் செல்லின் சவ்வில் ஒரு வாசல் இருக்கிறது. அதில் குளுக்கோஸ் தனியாகப் போக முடியாது, சோடியமும் தனியாகப் போக முடியாது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். எங்கள் ஊரில் ஒரு காலத்துக் கல்யாணப் பந்தி மாதிரி, ஜோடியாக வந்தால் தான் இலை. செல்லுக்குள் சோடியத்தை எப்போதும் குறைவாக வைத்திருக்க மறுபுறத்தில் ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பம்பை டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-ல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்து, 40 வருடம் கழித்து நோபல் பரிசு வாங்கினார். உள்ளே சோடியம் குறைவாக இருப்பதால் வெளியே உள்ள சோடியம் உள்ளே வரத் துடிக்கிறது, வரும்போது குளுக்கோஸையும் இழுத்து வருகிறது. கிரேன் விளக்க நினைத்தது சர்க்கரை எப்படி உள்ளே போகிறது என்பதை. அதையே புரட்டிப் போட்டால் உப்பை எப்படி உள்ளே அனுப்புவது என்று தெரிந்துவிடும். இந்த ஜோடி வாசலைக் காலரா தொடுவதில்லை. மற்ற வாசல்களெல்லாம் கெட்டுப்போன வீட்டில் இது ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது. குளுக்கோஸோடு சோடியத்தை அனுப்பினால் தண்ணீர் பின்னாலேயே போகும்.

அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் மணிலாவில் இதைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு நோயாளிகளிடம் குளுக்கோஸ் சேர்த்ததும் உப்பு உள்ளே போவது தெரிந்தது. அவசரமாகப் பெரிய சோதனைக்குப் போனார்கள். கரைசல் அடர்த்தி மிகுந்தது, அளவும் சரியாகக் கணக்கிடப்படவில்லை. சிலர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் வாய்வழிச் சிகிச்சை மேலும் சில வருடம் தள்ளிப்போனது. 1968-ல் கிழக்கு பாகிஸ்தானில், டாக்கா காலரா ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இருவர், வயது இருபதுகளின் நடுவில், ஓர் எளிய காரியம் செய்தார்கள். எவ்வளவு வெளியே போகிறதோ அதை அளந்து அந்த அளவுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். 29 நோயாளிகள். நரம்பில் ஏற்ற வேண்டிய திரவம் 80 சதவீதம் குறைந்தது.

இனி 1971. வங்கதேசப் போர். ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான பங்கானில் காலரா பரவியது. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் இருந்த திலீப் மகலானபிஸ் அங்கே அனுப்பப்பட்டார். 16 படுக்கை உள்ள அறைகளில் தரை தெரியாமல் நோயாளிகள். மலத்திலும் வாந்தியிலும் முழங்காலிட்டுத்தான் ஊசி போட வேண்டியிருந்தது என்று பின்னால் சொன்னார். நரம்பில் ஏற்றும் சலைன் தீரும் நிலை, ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை.

அவர் முடிவு செய்தார். 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு, ஒரு லிட்டர் தண்ணீர். கல்கத்தா மையத்தின் நூலக அறையில் ஆட்கள் உட்கார்ந்து பொடிகளை எடை போட்டு பாலிதீன் பைகளில் நிரப்பி, இஸ்திரிப் பெட்டியால் வாயைச் சூடாக்கி ஒட்டினார்கள். புத்தக அலமாரிகளுக்கு நடுவே உப்பு நிறுத்தும் அந்தக் காட்சி இந்தக் கூட்டத்துக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பொருள்களின் விலை லிட்டருக்கு 11 பைசா. முகாமில் டிரம்களில் கரைத்து வைத்தார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஓரல் சலைன்'. சலைன் என்றால் மக்களுக்கு மரியாதை உண்டு, சர்க்கரைத் தண்ணீர் என்றால் யார் மதிப்பார்கள்?

கப்பில் மொண்டு கொடுத்தது யார் என்பதுதான் இதில் பெரிய விஷயம். தாயும் அண்ணனும் பக்கத்துக் குடிசைக்காரரும். மருத்துவப் படிப்பில்லாத அகதிகள், தங்கள் ஆட்களுக்குத் தாங்களே கொடுத்தார்கள். சுமார் இரண்டு மாதத்தில் 3,700 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள். முன்பு 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. நேரில் பார்க்க வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் திமான் பரூவா, பிறகு இதை உலகம் முழுக்கக் கொண்டுபோகப் போராடினார். கரைசலின் செய்முறையை ஒரு ரகசிய வானொலியிலும் வாசித்தார்கள். மகலானபிஸின் கட்டுரை 1973-ல்தான் அச்சில் வந்தது. 1978-ல் லான்செட் தலையங்கம், இது இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. 25 வருடத்துக்கு முன் சட்டர்ஜியின் கட்டுரையை வெளியிட்டதும் இதே லான்செட்தான்.

வங்கதேசத்தில் பிராக் அமைப்பு (நகரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) 1980-களில் வீடு வீடாகப் பெண்களை அனுப்பியது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணீர். சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்குச் சம்பளம், அந்தத் தாய் பிற்பாடு எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருந்தாள் என்பதைப் பொறுத்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இப்படிப் போனார்கள். எங்கள் தெருவில் உள்ள வங்கதேசத்துக்காரர்களிடம் கேட்டால் 'லவண் குர்' என்று அம்மா செய்ததைச் சொல்வார்கள்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1992 இறுதியில் சென்னையில்தான் ஓ139 என்ற புதிய காலரா வகை தலைகாட்டியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் வி.ஐ. மாதனும் அப்போது வேறொரு கேள்வியோடு இருந்தார்கள். எல்லாரும் சிறுகுடலையே பார்க்கிறோம், பெருங்குடல் என்ன செய்கிறது? செரிக்காமல் அங்கே போய்ச் சேரும் மாவுப்பொருளைப் பாக்டீரியாக்கள் சிறு கொழுப்பு அமிலங்களாக உடைக்கின்றன. அந்த அமிலங்கள் பெருங்குடலின் சவ்வைத் தாண்டும்போது சோடியமும் உள்ளே வருகிறது. அதாவது இரண்டாவது வாசல். 2000-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ராமகிருஷ்ணா குழுவினரின் முடிவு வெளியானது. 48 நோயாளிகள், மூன்று குழுக்கள். ஒன்றுக்கு வழக்கமான கரைசல், ஒன்றுக்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு, ஒன்றுக்கு எளிதில் செரிக்காத சோள மாவு 50 கிராம். மூன்றாவது குழுவுக்குப் பேதி குறைவாகவும் சீக்கிரமும் நின்றது. உடனே 'பாட்டியின் கஞ்சி அறிவியல்' என்று யாரும் வாட்ஸப்பில் போட்டுவிட வேண்டாம். உப்புப் போட்ட கஞ்சி நல்லதுதான், அதன் மாவு குடலில் குளுக்கோஸாக உடைகிறது. ஆனால் வேலூர்ச் சோதனையில் முன்னால் நின்றது செரிக்காத மாவு.

இப்போதுள்ள பொட்டலம் 2002-ல் திருத்தப்பட்டது. ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். பழையதைவிட நீர்த்தது. சோடியமும் குளுக்கோஸும் மூலக்கூறு எண்ணிக்கையில் சமம், ஒவ்வொன்றும் 75. ஏன் நீர்த்தது என்பதற்குப் பதில் ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது. குடலுக்குள் கரைசல் அடர்த்தியாக இருந்தால் அது உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும்.

இதை எங்கள் கடையில் தினமும் சொல்கிறேன். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்து, "ஸ்ட்ராங்கா இருந்தாத்தானேண்ணே வேலை செய்யும்" என்று குடிப்பவர்கள் இருக்கிறார்கள். உறையில் போட்டிருக்கும் அளவு தண்ணீர்தான் சரி. பேதி இருக்கும்போது டின்னில் வரும் எனர்ஜி பானம் வேண்டாம், சர்க்கரை அதிகம், உப்பு போதாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. இந்தியாவில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு இனிப்புப் பானங்கள் விற்றன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை போட்டது. ஊரிலிருந்து வரும் பெட்டிகளில் இன்னும் பழைய சரக்கு இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது நம் வயதுக்காரர்களுக்கு. வளைகுடாவில் நம்மில் பலருக்குச் சர்க்கரை நோய். 'கிளிஃப்லோசின்' என்று முடியும் மாத்திரைகள் சிறுநீரகத்தில் இதே ஜோடி வாசலின் உறவினர் ஒன்றை மூடி, சர்க்கரையைச் சிறுநீரில் அனுப்புகின்றன. கூடவே கொஞ்சம் தண்ணீரும் போகும். வாந்திபேதி வந்தால் அந்த மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள். மயக்கம் வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ பொட்டலத்தை நம்பி அறையில் படுத்திருக்க வேண்டாம். அப்போது நரம்பில் ஏற்றத்தான் வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

திலீப் மகலானபிஸ் 2022 அக்டோபரில் கல்கத்தாவில் காலமானார். மூன்று மாதம் கழித்து, 2023 குடியரசு தினத்தை ஒட்டி, அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். ஹேமேந்திரநாத் சட்டர்ஜியின் பெயர் அந்தச் செய்திகளில் எங்காவது வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். நான் படித்தவற்றில் இல்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.